வீட்டிலிருந்தே வலசைக் குருவிகளைப் பார்த்தல்: நெல்லைச் சீமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைப் பக்கம் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தை மாதத்தில் கூந்தன்குளத்துக்குப் போய், கூழைக்கடாக்களையும் செங்கால் நாரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, பத்து கிராம் எடைகூட இல்லாத குருவிகள் இமயமலைச் சரிவுகளிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் புறப்பட்டு வந்து, அவர்கள் வீட்டு முருங்கையிலேயே தங்கியிருப்பதைப் பலர் அறிவதில்லை. அந்தக் குருவிகளை வீட்டைவிட்டு நகராமல் எப்படிக் கண்டுகொள்வது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசை முக்கியம். என்னிடம் கேட்டு வந்தவர்களில் பாதியில் விட்டவர்கள் எல்லாரும் மூன்றாவது படியையோ ஐந்தாவது படியையோ முதலில் செய்தவர்கள்.

பாளையங்கோட்டையில் பாளையங்கால்வாய்க்குச் சற்றுத் தள்ளி இருக்கும் என் வீட்டின் புறவாசலில் ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, ஒரு கொய்யா, செம்பருத்தி வேலி, இவ்வளவுதான் உண்டு. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

1. ஆடியிலேயே தொடங்குங்கள்: முதலில் நம் வீட்டுக் குருவிகள்

புரட்டாசியில் முதன்முறையாக உட்காருகிறவருக்கு மரத்தில் அசைகிற எல்லாமே புதியவை. அப்போது வந்தது எது, எப்போதும் இருப்பது எது என்று பிரிக்க முடியாது. ஆகவே வலசைக் குருவிகள் வருவதற்கு ஆறு வாரம் முன்னதாக, ஆண்டு முழுவதும் நம்முடன் இருக்கும் குருவிகளை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். பதினைந்து, இருபது இனங்கள்தான் இருக்கும்: கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, குண்டுக்கரிச்சான், கருஞ்சிட்டு, இரட்டைவால் குருவி, வால்காக்கை, செம்போத்து என்று பெரும்பாலானவை ஏற்கெனவே தெரிந்தவையாகவே இருக்கும்.

இவற்றில் மூன்றை மட்டும் பாடம் படிப்பதுபோலப் படியுங்கள். தையல்சிட்டு, சாம்பல் கதிர்க்குருவி, மாம்பழச்சிட்டு ஆகிய மூன்றும் உருவத்தில் சிறியவை. இலைகளுக்குள் ஓயாமல் அலைபவை. பின்னால் வரப்போகும் வலசைக் கதிர்க்குருவிகளோடு இவற்றைத்தான் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். தையல்சிட்டின் உச்சந்தலை துருச்சிவப்பு, வால் நிமிர்ந்தது, குரல் உருவத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. சாம்பல் கதிர்க்குருவிக்குச் சாம்பல் தலையும், மங்கிய செம்மஞ்சள் வயிறும், ஆட்டி ஆட்டிக் காட்டும் நீண்ட வாலும் உண்டு. மாம்பழச்சிட்டு மஞ்சளும் பச்சையுமாக மர உச்சியில் திரிந்தாலும், அதன் இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் தெளிவாகத் தெரியும்.

ஆடியில் நம் பக்கம் அடிக்கும் காற்றில் மெல்லிய குரல்கள் காதில் விழுவது கடினம். காலை ஆறரைக்குள் காற்று எழும்புவதற்கு முன் அரை மணி நேரம் கிடைத்தால் போதும். இந்த ஆறு வாரத்தைத் தேவையில்லை என்று தள்ளிவிடாதீர்கள். மொத்தப் பயிற்சியில் பாதி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

2. ஒரே இடம், ஒரே நாற்காலி

அடுத்தது உட்காரும் இடம். வீட்டைச் சுற்றி நடந்து தேடுவதைவிட ஒரே இடத்தில் அசையாமல் இருப்பது நல்லது. நாம் நகர்ந்தால் குருவிகள் மறைகின்றன. நாம் நிலைத்திருந்தால் கால் மணி நேரத்தில் அவை நம்மை மறந்து இரை தேடத் தொடங்குகின்றன. மேலும் நாள்தோறும் ஒரே கோணத்தில் பார்க்கும்போது, நேற்று இல்லாத ஒரு அசைவு உடனே கண்ணை இழுக்கும்.

முதல் தளத்து மொட்டைமாடி மிகவும் ஏற்றது. முருங்கையின் தலையும் வேம்பின் நடுப்பகுதியும் கண் மட்டத்துக்கு வந்துவிடும். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் குருவியின் வயிறு மட்டுமே, அதுவும் வானத்தின் வெளிச்சத்தில் கறுப்பு நிழலாகத் தெரியும். மாடி இல்லாதவர்கள் தார்சாவிலிருந்தோ புறவாசல் படியிலிருந்தோ செம்பருத்தி, மருதாணி போன்ற தாழ்ந்த செடிகளைக் குறிவைக்கலாம். வளவு வீடுகளில் இருப்பவர்களுக்கு முடுக்கின் கடைசியில் நிற்கும் ஒற்றை வேம்புகூடப் போதும்.

காலையில் வெயில் நம் முதுகில் விழ வேண்டும். ஐப்பசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி உதிப்பதால், மாடியின் தென்கிழக்கு மூலையில் உட்கார்ந்து வடமேற்கே பார்ப்பது சரியாக வரும். மரம் பத்து மீட்டர் தூரத்தில் இருந்தால் மிக நல்லது. இருபது மீட்டருக்கு மேல் போனால் கதிர்க்குருவிகளின் புருவக்கோடு தெரியாது.

3. வீட்டை ஆயத்தம் செய்தல்: ஆவணிக்குள் முடிக்க வேண்டியவை

புதியவர்கள் முதலில் செய்வது மாடியில் கம்பும் நொய்யும் இறைப்பது. புறாக்களும் காகங்களும் மைனாக்களும் அணில்களும் வரும். நாம் எதிர்பார்க்கும் குருவிகள் வரமாட்டா. வலசை வரும் கதிர்க்குருவிகளும் ஈப்பிடிப்பான்களும் வாலாட்டிகளும் பூச்சிகளைத் தின்பவை. தானியம் அவற்றுக்கு உணவே அல்ல. அவற்றுக்கு நாம் போட வேண்டிய இரை, மரத்திலும் சருகிலும் உள்ள பூச்சிகளை அப்படியே விட்டுவைப்பதுதான்.

ஆகவே இரண்டு வேலைகளை நிறுத்த வேண்டும். ஒன்று, மழைக்கு முன் மரங்களைக் கழித்துவிடும் வழக்கம். வடகிழக்குப் பருவக்காற்றில் முருங்கை முறியும் என்பதால் புரட்டாசிக் கடைசியில் கிளைகளை வெட்டுகிறார்கள். குருவிகள் வந்து இறங்கும் அதே வாரத்தில் அவற்றின் பந்தியை எடுத்துவிடுகிறார்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் ஆடியிலேயே வெட்டிவிடுங்கள். துளிர்க்க நேரம் கிடைக்கும். மற்றொன்று பூச்சிமருந்து. மழை தொடங்கியதும் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாகச் சேர்வது உண்மை. ஆனால் அவை பகலில் தண்டிலேயே ஒட்டிக்கிடப்பதால் விளக்குமாற்றால் தள்ளி அப்புறப்படுத்த முடியும். மரம் முழுவதும் மருந்தடித்தால் இலையில் இருக்கும் மற்ற பூச்சிகள் அனைத்தும் அழிகின்றன.

உதிர்ந்த சருகைப் புறவாசலில் ஒரு மூலையிலாவது கூட்டாமல் விட்டுவையுங்கள். ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் சருகைக் கிளறித்தான் இரை எடுக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதற்கு அனுமதி வாங்குவதுதான் இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி. கூட்டாத மூலைக்கு முன்னால் இரண்டு பூந்தொட்டிகளை வைத்துவிட்டால் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது என்பது என் அனுபவம்.

தண்ணீர் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். காருகுறிச்சி மண்சட்டிகளில் வாய் அகன்றதாகவும் ஆழம் குறைந்ததாகவும் ஒன்றை வாங்குங்கள். தண்ணீர் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது. நடுவில் ஒரு தட்டைக் கல் இருக்க வேண்டும். கதிர்க்குருவியின் உயரத்துக்கு அதற்கு மேல் ஆழமானால் அது இறங்காது. செடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். வெகுதூரம் வைத்தால் வல்லூறு வந்தால் ஓடி ஒளிய இடம் இராது. தண்ணீரை நாள்தோறும் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் போதும், டெங்குக் கொசு வளர்ந்துவிடும். சட்டிக்கு மேலே, அடியில் ஓட்டையிட்ட பாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டு, தண்ணீர் சட்டியில் சொட்டுச் சொட்டாக விழச் செய்தால் அந்த ஒலியே குருவிகளை அழைத்துவரும்.

கடைசியாக, கண்ணாடி. தோட்டத்தைப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தால் அதில் வானமும் மரமும் தெரியும்; குருவி அதைத் திறந்தவெளி என்று நம்பி மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் வைக்க வேண்டும். நடுவில் ஒரு படம் மட்டும் ஒட்டினால் அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். வெள்ளைப் பெயின்டால் நெருக்கமாகப் புள்ளிக்கோலம் இட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும், மழையிலும் கரையாது. இரவில் மாடி விளக்கை அணைத்துவிடுங்கள். இரவில் பறக்கும் குருவிகளை வெளிச்சம் வழிதவறச் செய்கிறது.

4. பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துதல்

8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது பெரிதாக்கும் மடங்கு. நாற்பத்திரண்டு என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகத் தெரியும். பார்வைப் பரப்பும் குறுகி, துள்ளும் குருவி பிடிபடாது. விடியற்காலை மங்கலில் பார்க்க வேண்டியிருப்பதால் முன்கண்ணாடி அகலமாக இருப்பது தேவை.

வாங்கியவர்களில் பலர் அதைத் தம் கண்ணுக்குப் பொருத்துவதே இல்லை. வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் ஒரு இலையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அதே இலையை வலக்கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்கக் கண்குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்குழலின் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

குருவியைக் கண்டதும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடக் கூடாது. கண்ணைக் குருவிமேலேயே வைத்துக்கொண்டு, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இதைத் தையல்சிட்டில் நூறு முறை பழகுங்கள். மழைக்காலத்தில் ஈரம் புகுந்து உள்ளே பூஞ்சை பிடிக்காமல் இருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

5. எந்த நேரம், எந்த நாள்

கதிர்க்குருவிகள், ஈப்பிடிப்பான்கள், ஆறுமணிக்குருவி போன்றவை இரவில் பறந்து வருகின்றன. இரவில் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும். பருந்து, வல்லூறு பயம் குறைவு. பகல் முழுவதையும் இரை தேடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே புதிதாக வந்த குருவி விடியலில் நம் மரத்தில் பசியோடு இருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நம் பக்கம் காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்களில் சூரியன் உதிக்கிறது. ஐந்தே முக்காலுக்கு நாற்காலியில் இருங்கள். முதல் அரை மணி நேரம் காதுக்கு, அடுத்த இரண்டு மணி நேரம் கண்ணுக்கு. எட்டரைக்கு மேல் உட்கார்வதில் பயன் குறைவு. புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று சொல்வது சரியே. அந்த வெயிலில் குருவிகள் நிழலுக்குள் அடங்கிவிடும்.

தகைவிலான், வாலாட்டி, சோளக்குருவி ஆகியவை பகலில் பறப்பவை. அவற்றுக்கு மாலை நான்கரையிலிருந்து இருட்டும்வரை வானத்தைப் பார்க்க வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், இரண்டு நாள் மழை விட்டு வெளுத்த முதல் காலையைத் தேர்ந்தெடுங்கள். மழையில் இரை தேட முடியாமல் இருந்தவை அன்று வெளியே வந்து விடாமல் மேயும். நனைந்த இலைகளில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். மழைக்குப் பின் மாலையில் ஈசல் கிளம்பினால் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு மாடிக்குப் போங்கள். இரட்டைவால் குருவி, தகைவிலான், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரே இடத்தில் பந்தி போட்டிருக்கும்.

6. காது முதலில், கண் பிறகு

வலசைக் கதிர்க்குருவிகளைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் மிகக் குறைவு. முதலில் குரல், பிறகு அசைவு, கடைசியில்தான் உருவம். நல்ல வாய்ப்பாக, இவற்றில் பல குளிர்காலம் முழுவதும் ஓர் எல்லையைப் பிடித்துக்கொண்டு, அதை மற்றவற்றுக்கு அறிவிக்க நாள்தோறும் குரல் கொடுக்கின்றன. ஆகவே ஒருநாள் தவறினாலும் மறுநாள் அதே மரத்தில் கேட்கலாம்.

முதல் பாடம் இரண்டே குரல்கள். செம்பருத்தி வேலிக்குள் இருந்து, இரண்டு கூழாங்கற்களைத் தட்டுவதுபோல் ‘டக்… டக்… டக்’ என்று வறண்ட ஒலி வந்தால் அது பிளித் நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருந்தாலும் நம் ஊரில் அது வேலியிலும் புதரிலும் வாழைத்தோப்பிலும் இருக்கும். வேம்பின் மேற்கிளையில் இருந்து, ‘ட்டிஸ்-லி’ என்று இரண்டு அசையில் கூர்மையாக ஒலித்தால் அது பச்சைக் கதிர்க்குருவி. கீழே டக், மேலே ட்டிஸ்-லி: புரட்டாசி முழுவதும் இந்த இரண்டை மட்டும் கேட்டுப் பழகினால் போதும். இந்த இரண்டும் காதில் படிந்த பிறகு, மூன்றாவதாக எது ஒலித்தாலும் அது தனியே தெரியும்.

கைப்பேசியில் மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம்; தீர்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது. வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அது தவறான பெயரும் சொல்லும், இருக்கும் குருவியைச் சொல்லாமலும் விடும். அது சொன்ன பெயரைக் கண்ணாலோ, அதே குரலைப் பலமுறை கேட்டோ உறுதி செய்யாமல் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். அதைவிட முக்கியமாக, குருவியை வெளியே இழுப்பதற்காக அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து களைத்த உயிர் இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். ஒரு புகைப்படத்துக்காக இதைச் செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

7. யார் எப்போது வருகிறார்கள்

ஆவணிக் கடைசியில் முதலில் தெரிவது பெரும்பாலும் சாம்பல் வாலாட்டி. மாடியில் தேங்கிய தண்ணீர், வாய்க்கால் ஓரம், தெருச் சாக்கடை ஓரம் என்று ஈரமான விளிம்புகளில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும், வாலடி மஞ்சள். ஆற்றங்கரையில் ஆண்டு முழுவதும் இருக்கும் வெண்புருவ வாலாட்டிக்கு முதுகு கறுப்பு, எங்கும் மஞ்சள் இராது. இதே நாட்களில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரத் தொடங்கும். பனைமரத்தைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கும் பனை உழவாரனைத் தகைவிலான் என்று எழுதுகிறவர்கள் பலர். உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது. கம்பியில் அமர்ந்திருந்தால் உழவாரன் அல்ல.

புரட்டாசியில் பழுப்புக் கீச்சான் வரும். வந்த வாரம் வேலிக்கம்பியிலோ உடைமரத்திலோ தாழ்வாக அமர்ந்து, கரகரத்த குரலில் விடாமல் கத்தும். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, முதுகு பழுப்பு. எல்லை உறுதியானதும் கத்துவது குறைந்துவிடும் என்பதால் முதல் வாரத்தைத் தவறவிடாதீர்கள். மேலே சொன்ன இரண்டு கதிர்க்குருவிகளும் இந்த மாதத்திலேயே வந்துவிடும். கடைசியில் மாங்குயிலும் அரசவால் ஈப்பிடிப்பானும் வரலாம். மாங்குயிலில் தலை முழுவதும் கறுப்பாக இருந்தால் அது நம் ஊரிலேயே இருக்கும் கருந்தலை மாங்குயில். கண்ணின் ஊடே மட்டும் கறுப்புக் கோடு இருந்தால் வந்தது. அரசவால் ஈப்பிடிப்பானில் நீண்ட வெள்ளை வாலை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பெண்ணுக்கும் இளம்பறவைக்கும் வால் குட்டை, முதுகு செம்பழுப்பு.

ஐப்பசி ஆறுமணிக்குருவியின் மாதம். குரல்வளைத் தசைகளின் அமைப்பை வைத்துப் பார்த்தால் இது பாடும் பறவைகள் என்ற பிரிவில் சேராது. ஆனாலும் இந்தக் காலத்தில் நம் புறவாசலுக்கு வரும் விருந்தாளிகளில் இதை விட்டுவிட்டு எழுத முடியாது. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் முட்டையிட்டுவிட்டுத் தெற்கே வருகிறது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டி ‘வீட்-டியூ’ என்று இரண்டு அசையில் தெளிவாக விசிலடிக்கும். குரல் கேட்ட இடத்தை நோக்கி நடக்காமல், மறுநாள் அதே நேரத்துக்கு முன்னதாகவே சருகு மூலையைப் பார்த்தபடி உட்காருங்கள். பச்சை முதுகு, மங்கிய செம்மஞ்சள் மார்பு, வாலடியில் சிவப்பு, இறக்கையில் பளிச்சிடும் நீலம், வால் இல்லையோ என்று எண்ணவைக்கும் உருவம். வேறெதனோடும் குழப்பிக்கொள்ள இயலாது.

கொடிக்கால் வாலாட்டியும் இதே மாதத்தில்தான். வெற்றிலைக் கொடிக்கால்களின் நிழலில் திரிவதால் பெற்ற பெயர். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள். வீட்டுக்கு அருகே வயல் இருப்பவர்கள் பிசான நெல் சாகுபடிக்கு உழும் டிராக்டரின் பின்னால் பாருங்கள். மஞ்சள் வாலாட்டிகள் கூட்டமாகத் தொடரும்.

சோளக்குருவிகள் மாலை வானத்தின் காட்சி. கிழக்கு ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் இருந்து வந்து, குளத்து நாணலிலும் கருவேலங்காட்டிலும் அடைவதற்கு முன் பெருங்கூட்டமாகச் சுழலும். முதலில் பத்துக் குருவிகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்து எண்ணுங்கள். வளர்ந்தவற்றுக்கு உள்ள ரோஜா நிறம் இளம்பறவைகளுக்கு இராது. மணல் நிறத்தில் மஞ்சள் அலகோடு இருப்பவற்றை மைனா என்று தள்ளிவிடாதீர்கள்.

8. பெயர் தெரியாதபோது

பச்சைக் கதிர்க்குருவியைப் போலவே இருக்கும் நெருங்கிய இனம் ஒன்று காக்கசஸ் மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டையும் பல ஆண்டு பழகியவர்களே நல்ல வெளிச்சத்தில்தான் பிரிக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ‘இலைக் கதிர்க்குருவி, இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதே சரியான பதிவு. ஊகித்து ஒரு பெயரை எழுதினால், அடுத்த ஆண்டு அந்தப் பெயரை நீங்களே நம்பிவிடுவீர்கள்.

பெயர் தேடும்போது நிறத்தைக் கடைசியில் வையுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருந்தது, துள்ளியதா நடந்ததா, ஒரே கிளையிலிருந்து பாய்ந்து திரும்பியதா, வாலை எப்படி ஆட்டியது, புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் போயிற்றா, இறக்கையில் பட்டை உண்டா என்ற வரிசையில் பாருங்கள். ஒரே இடத்தில் அமர்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்து, அதே இடத்துக்குத் திரும்பினால் அது ஈப்பிடிப்பான். இலை இலையாகத் துழாவினால் கதிர்க்குருவி. மழைக்கால மங்கலில் எல்லாமே பழுப்பாகத் தெரியும், பழக்கவழக்கம் மாறாது.

9. குறிப்பேடு: ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள்

முதல் இரண்டு ஆண்டுகள் நான் புதிதாகக் கண்ட குருவிகளை மட்டுமே எழுதிவந்தேன். பின்னர் புரட்டிப் பார்த்தபோது, புரட்டாசி 12 என்று எழுதியிருந்தது பழுப்புக் கீச்சான் வந்த நாளா, அல்லது நான் மாடிக்குப் போன நாளா என்று எனக்கே தெரியவில்லை. அந்த இரண்டு ஆண்டுக் குறிப்புகள் பயனற்றுப் போயின. அதற்கு முந்தைய நாட்களில் உட்கார்ந்தும் அது இல்லை என்று எழுதியிருந்தால்தான் வந்த நாள் என்பதற்குப் பொருள் உண்டு.

ஆகவே நாள், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், மேகம், காற்று, முந்தைய இரவு மழை, கண்ட கேட்ட எல்லா இனங்கள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை, எந்த மரம் என்று எழுதுங்கள். காகத்தையும் மைனாவையும்கூட விடாதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து வலசைக் குருவி ஒன்றும் இல்லையென்றால் அதையும் எழுதுங்கள்.

இதையே இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்திலும் ஏற்றலாம். நடக்காமல் ஓரிடத்தில் இருந்து பார்த்ததாகக் குறித்து, அடையாளம் கண்ட எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன் என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய முழுப்பட்டியலாகவே தாருங்கள். எண்ணிக்கை இடத்தில் வெறும் குறி போடாமல் ஒரு எண்ணைத் தாருங்கள். தோராயமான எண்கூடக் குறியைவிட மேல். இப்படிப் பழகியவர்களுக்குத் தையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்வது மிக எளிது.

10. களைத்து விழுந்த குருவி கிடைத்தால்

ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் புகுவதும், ஜன்னலில் மோதி விழுவதும், காகங்களால் துரத்தப்பட்டு வாசலில் பதுங்குவதும் நம் பக்கம் ஆண்டுதோறும் நடக்கிறது. முதலில் பூனையையும் காகங்களையும் விரட்டுங்கள். குருவி புதரடியில் விழிப்பாக அமர்ந்திருந்தால் அப்படியே விடுங்கள், அது ஓய்வெடுக்கிறது.

மோதி மயங்கியிருந்தால் மெல்லிய துணியால் மூடி எடுத்து, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான அறையில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். இருட்டு அதன் பதற்றத்தைத் தணிக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அன்போடு செய்யப்படும் இந்தத் தவற்றால்தான் பல குருவிகள் இறக்கின்றன. தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடுகிறது. சோறும் பாலும் வேண்டாம். திறந்து திறந்து பார்ப்பதும் குழந்தைகள் தொட்டுப் பார்ப்பதும் கூடாது.

தெளிந்த பிறகு, பகலாக இருந்தால் அடர்ந்த புதரருகே பெட்டியைச் சாய்த்துத் திறந்துவையுங்கள். இரவானால் விடியும்வரை காத்திருந்து, காகங்கள் கிளம்புமுன் விடுங்கள். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாமல் சாய்ந்தாலோ வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

11. பங்குனியில் கடைசி நாள்

வந்த நாளைக் குறிப்பவர்கள் பலர். போன நாளைக் குறிப்பவர்கள் மிகச் சிலர். வருவது ஒரு குரலாகக் கேட்கிறது, போவது ஒலியற்றது. இன்று கேட்கவில்லை என்பதை நாலு நாள் கழித்துத்தான் உணர்கிறோம். அதனால் பங்குனி பிறந்ததும், இன்னும் இருக்கும் குருவிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்து, கேட்ட நாளெல்லாம் ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோடு இடுங்கள். கடைசிக் கோட்டின் தேதிதான் அது நம் வீட்டில் இருந்த கடைசி நாள்.

இந்த மாதத்தில் குரல்களும் மாறும். குளிர்காலம் முழுவதும் டக் என்று மட்டும் சொன்ன நாணல் கதிர்க்குருவி, புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் வேலிக்குள் இருந்தபடியே தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கும். மற்ற குருவிகளின் குரல்களையும் அந்தப் பாட்டில் கலந்து எடுத்துக்கொள்ளும். அதைக் கேட்க வேண்டுமானால் பங்குனிக் காலைகளிலும் ஐந்தே முக்காலுக்கு அதே நாற்காலியில் இருக்க வேண்டும்.